இரண்டு செயப்படுபொருள்

ஆங்கிலம் கற்பிப்பதையே வாழ்வாகக் கொண்டு முப்பத்து மூன்று ஆண்டுகளைக் கரும்பலகையின் முன் கழித்தவன் நான். அவ்வாண்டுகளில் ஆண்டுதோறும் தவறாமல் நடத்திய பாடங்களுள் ஒன்று, இரண்டு செயப்படுபொருள் ஏற்கும் வினைச்சொற்களைப் பற்றியது. 'கிவ்' என்றால் கொடு. கொடுத்தான் என்று சொன்ன மாத்திரத்தில் இரண்டு வினாக்கள் எழுந்து நிற்கும். யாருக்குக் கொடுத்தான்? எதைக் கொடுத்தான்? இரண்டிற்கும் விடை கிடைத்தாலன்றி வாக்கியம் நிறைவு பெறாது. 'லெண்ட்', 'ஷோ', 'டீச்' ஆகியவையும் அவ்வினமே. அந்த வரிசையின் கடைசியில் 'ஃபர்கிவ்' என்னும் சொல்லையும் எழுதுவேன். அப்போது மாணவர்களில் ஒருவன் தவறாமல் எழுந்து, "ஐயா, மன்னிப்பதற்கு எதற்கு இரண்டு செயப்படுபொருள்? ஆளை மன்னித்தால் போதாதா?" என்று கேட்பான். "இலக்கணம் அப்படி, உட்கார்" என்று சொல்லிவிடுவேன். அதைவிட நல்ல விடை அக்காலத்தில் என்னிடம் இல்லை.

அந்த விடையை 2012ஆம் ஆண்டில், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ஒரு பெண்மணியிடமிருந்து கற்றுக்கொண்டேன். அவள் என் உடன்பிறந்த தங்கை. அதைச் சொல்லுமுன் அந்தச் சொல்லைச் சற்றே பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய வாத்தியாரின் வழக்கத்தை வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

'ஃபர்கிவ்' என்பதன் உடலுக்குள் 'கிவ்' இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு முழுதுமாகக் கொடுத்துவிடுதல், வழங்குதல் என்றே பொருள் இருந்தது. பெண்ணை மணமுடித்துக் கொடுப்பதற்கும் அதே சொல்லை ஆண்டிருக்கிறார்கள். பெண் கொடுப்பது என்று நாம் சொல்வதைப் போலத்தான். பிற்காலத்தில்தான் அது குற்றத்திற்கும் கடனுக்கும் மட்டும் உரிய சொல்லாகச் சுருங்கிற்று. வியப்பு என்னவெனில், 'பார்டன்' என்னும் மற்றொரு சொல்லை எடுத்துப் பிரித்தாலும் இதே எலும்புதான் உள்ளே கிடக்கிறது. அது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'பெர்' என்றால் முழுதும், 'டோனாரே' என்றால் கொடுத்தல். லத்தீன் சொல்லைப் பார்த்தே வட ஐரோப்பிய மக்கள் தங்கள் மொழியில் அதே அச்சில் ஒரு சொல்லை வார்த்துக்கொண்டார்கள் என்பது மொழியறிஞர் கருத்து. ஜெர்மானியர்களின் 'ஃபெர்கேபன்' என்னும் சொல்லும் அவ்வாறு அமைந்ததே.

கொடுப்பது என்றால் கொடுக்கப்படும் பொருள் ஒன்று இருந்தாக வேண்டும். அது கொடுப்பவருடைய சொந்தப் பொருளாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் இச்சொல்லின் ஏனைய உறவினர்களைப் பிரித்தறிவது எளிது.

'எக்ஸ்கியூஸ்' என்பதை எடுத்துக்கொள்வோம். பேருந்தில் வழிவிடச் சொல்வதற்கும் இதையே சொல்லுகிறோம். ஆகவே இதன் கனம் நமக்குத் தெரிவதில்லை. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'காஸா' என்றால் வழக்கு, காரணம். குற்றச்சாட்டிலிருந்து ஒருவனை வெளியே எடுத்து விடுவதுதான் அதன் கருத்து. மாணவன் தாமதமாக வருகிறான். மழையில் பேருந்து நின்றுவிட்டது என்கிறான். அது உண்மையாயின் அவன்மேல் குற்றமே இல்லை. மன்னிப்பதற்கும் அங்கே ஒன்றும் இல்லை. 'எக்ஸ்கியூஸ்' செய்து உட்கார வைக்க வேண்டியதுதான். இன்னொருவன், "தூங்கிவிட்டேன் ஐயா" என்கிறான். அவனுக்குக் காரணம் இல்லை. ஆகவே அவனை 'எக்ஸ்கியூஸ்' செய்ய இயலாது. மன்னிக்கலாம், அல்லது தண்டிக்கலாம். காரணம் உள்ளவனுக்கு முதற்சொல். காரணம் அற்றவனுக்கே 'ஃபர்கிவ்'. இவ்வளவு தெளிவாக வகுப்பில் விளக்கிய நான், வீட்டில் என்ன செய்தேன்? நம்மில் பலரும் செய்வதையே செய்தேன். "மன்னித்துக்கொள், ஆனால்..." என்று தொடங்குவோம். அந்த 'ஆனால்' என்பதற்குப் பின்னால் வருவதெல்லாம் முதற்சொல்லின் சரக்கு. மன்னிப்புக் கேட்பது போன்ற தோற்றத்தில் நாம் நமக்கே வழக்கறிஞராகி விடுகிறோம். 'அப்பாலஜி' என்னும் சொல்லும் கிரேக்கத்தில் அப்படித்தான் பிறந்தது; எதிர்வாதம் என்பதே அதன் பழம்பொருள். கி.மு. 399இல் ஏதன்ஸ் நகரத்து மன்றத்தில் சாக்ரடீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதிவைத்த நூலுக்கு அப்பெயர்தான் வழங்குகிறது. ஆனால் அந்த மனிதர் அங்கே எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை!

'பார்டன்' என்பது மேலிருந்து கீழே வருவது. நமது அரசியலமைப்பின் 72ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161ஆம் பிரிவு ஆளுநருக்கும் வழங்கியுள்ள அதிகாரம் அச்சொல்லால்தான் குறிக்கப்படுகிறது. கொலையுண்டவனின் தாய் 'பார்டன்' தர இயலாது. அவளால் 'ஃபர்கிவ்' மட்டுமே செய்ய முடியும். 'ரிமிட்' என்றால் திருப்பி அனுப்புதல். தண்டனையையோ கடனையோ குறைத்து அனுப்பிவிடுவது. வளைகுடா நாடுகளிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்திற்கு 'ரிமிட்டன்ஸ்' என்று பெயர் வந்ததும் அவ்வேரிலிருந்தே. 'கண்டோன்' என்னும் சொல்லுக்குள்ளும் 'டோனாரே' ஒளிந்திருக்கிறது. எனினும் அது வேறு வழியில் போய்விட்டது. தவற்றைத் தவறென்றே சொல்லாமல் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவது என்னும் பொருளுக்கு இறங்கிவிட்டது. வருகைப் பதிவு குறைந்த மாணவன் கல்லூரியில் கட்டும் 'கண்டனேஷன்' கட்டணத்தை அறியாத பெற்றோர் நம்மில் குறைவு. பணத்தைக் கட்டிவிட்டால் வராத நாட்களெல்லாம் பொருட்படுத்தப்படாமல் போய்விடும். வேறெங்கும் இவ்வளவு மலிவாக அது கிடைப்பதில்லை.

கிறிஸ்தவ நண்பர்கள் நாள்தோறும் ஓதும் வேண்டுதலிலும் இந்த 'ஃபர்கிவ்' இரண்டு செயப்படுபொருளோடுதான் வருகிறது. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில், மத்தேயு சுவிசேஷத்தில் அந்த இரண்டாம் பொருள் 'கடன்கள்' என்றிருக்கிறது. 1662ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் திருச்சபை வழிபாட்டு நூலிலோ 'டிரஸ்பாஸஸ்' என்றிருக்கிறது. பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைவது என்பது அச்சொல்லின் நடைமுறைப் பொருள். தோப்புகளின் வேலியில் தகரப் பலகையில் எழுதி மாட்டியிருப்பார்களே, அதே சொல்தான். கடனும் அத்துமீறலும் ஒன்றா என்று இளமையில் வியந்ததுண்டு. எங்கள் வீட்டுத் தோப்பை நினைக்கும்போது இப்போது வியப்பில்லை.

தமிழில் இதற்கு வேர் வேறு. வள்ளுவர் பதினாறாம் அதிகாரத்திற்கு இட்ட பெயர் பொறையுடைமை; நிலத்தை உவமையாக வைத்தே அதைத் தொடங்குகிறார். பொறுத்தல் என்றால் சுமத்தல். ஆங்கிலேயன் கொடுக்கிறான், தமிழன் சுமக்கிறான். நம் இஸ்லாமியத் தமிழ் வழக்கில் மூன்றாவது ஒன்றும் உண்டு. 'பொருந்திக்கொள்ளுங்கள்' என்கிறோம். இதில் வல்லின றகரம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இது சுமப்பதன்று, மனம் இணங்குவது. அல்லாஹ்வின் பொருத்தம் என்று நாம் சொல்லும்போது 'ரிளா' என்னும் அரபுச் சொல்லைத்தானே குறிக்கிறோம்? ஆகவே, ஒருவரிடம் போய்ப் பொருந்திக்கொள்ளுங்கள் என்பது, என்னைத் தண்டிக்காமல் விடுங்கள் என்பதினும் பெரிய வேண்டுகோள். என்மீது உங்களுக்குத் திருப்தி உண்டாகட்டும் என்று கேட்பது அது. எவ்வளவு பெரியதைக் கேட்கிறோம் என்று அறியாமலே வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுப் போகிறோம்.

அரபு மொழியிலோ இதற்குச் சொற்கள் பல. 'அஃப்வு' என்பது, மணலில் பதிந்த சுவடுகளைக் காற்று அழிப்பதைப் போன்ற அழித்தல். 'ஸஃப்ஹ்' என்பது முகத்தை அப்பால் திருப்பிக்கொள்ளுதல். புத்தகத்தின் பக்கத்திற்கு வழங்கும் 'ஸஃப்ஹா' என்னும் சொல்லும் அந்த வேரினதே. 'மஃபிரத்' என்பது மூடி மறைத்தல். போர்வீரன் தலையைக் காக்க அணியும் கவசத்திற்கு 'மிஃபர்' என்று பெயர். இம்மூன்று வினைகளும் ஒருங்கே வரும் திருவசனம் ஒன்றுண்டு. ஸூரத்துத் தஃகாபுனின் 14ஆம் வசனம். அது போர்க்களத்துப் பகைவரைப் பற்றிப் பேசவில்லை. மனைவி மக்களைப் பற்றிப் பேசுகிறது. வீட்டுக்குள்தான் மூன்று சொல்லும் தேவைப்படுகின்றன போலும்.

கொடுத்தல் என்னும் கருத்து அரபில் இல்லையோ என்று எண்ணிவிட வேண்டாம். ஸூரத்துந் நூரின் 22ஆம் வசனம் இறங்கிய வரலாற்றை நம் ஆலிம்கள் எத்தனையோ முறை சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பரப்பியவர்களுள் மிஸ்தஹ் என்பவரும் ஒருவர். அவர் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களின் ஏழை உறவினர். அவர்கள் அளித்துவந்த உதவியில் வாழ்ந்தவர். மகளின் மானத்திற்கு ஊறு விளைத்தவருக்கு இனி ஒன்றும் தருவதில்லை என்று ஸித்தீக் (ரலி) அவர்கள் சத்தியம் செய்தார்கள். வசனம் இறங்கியது. உடனே நிறுத்திய உதவியை மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கே மன்னிப்பு என்பது வாயிலிருந்து புறப்பட்ட சொல்லோடு முடியவில்லை. கையிலிருந்து பொருளாகவும் போயிற்று.

ஆங்கிலத்தில் 'ஃபர்கிவ்' என்பதற்கு அடுத்தாற்போல் 'ஃபர்கெட்' என்பதை இரட்டைச் சொல்லாக ஒட்டி விடுவார்கள். மன்னித்துவிடு, மறந்துவிடு என்று. 'ஆம்னஸ்டி' என்னும் சொல் அந்த மறதியிலிருந்தே பிறந்தது. நினைவிழப்பு நோயைக் குறிக்கும் 'ஆம்னீஷியா' அதன் உடன்பிறப்பு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷி, பின்னாளில் இஸ்லாத்தை ஏற்று வந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் தண்டிக்கவில்லை. ஆயினும் தம் கண்ணெதிரே வாராதிருக்க இயலுமா என்று கேட்டார்கள். மன்னித்த பின்னும் நினைவு இருந்தது. நினைவு இருந்தும் மன்னித்தார்கள்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வாப்பா 1981இல் வஃபாத்தானார்கள். கடற்கரையை அடுத்த எங்கள் ஊரில் அவர்கள் விட்டுச்சென்றது ஒரு தென்னந்தோப்பு. காய்க்கும் மரங்கள் எண்பது. வாரிசுகள் உம்மா, பெரிய காக்கா, நான், தங்கை. பாகம் பிரிக்கும் கணக்கு நம் குடும்பங்களில் சிறுவர்க்கும் தெரியும். உம்மாவுக்கு எட்டில் ஒன்று, பத்து மரங்கள். மீதி எழுபதை ஐந்து கூறாக்கினால் ஆண்மக்கள் இருவருக்கும் இருபத்தெட்டு, இருபத்தெட்டு, தங்கைக்குப் பதினான்கு. இவ்வளவு ஒழுங்காக வகுபடும் சொத்து அபூர்வம். வாப்பா எண்ணி நட்டார்களோ என்று கூடத் தோன்றும்.

ஆனால் தோப்பு வகுபடவில்லை. தங்கைக்கு அதற்கு முந்தின ஆண்டுதான் நிக்காஹ் ஆகியிருந்தது. நகை, விருந்து, மாப்பிள்ளை வீட்டுச் சீர் என்று வாப்பா நிறையச் செலவு செய்திருந்தார்கள். "அவள் பங்கு அதிலேயே போய்விட்டது" என்றார்கள் காக்கா. நான் மறுக்கவில்லை. உயிரோடு இருக்கும்போது தகப்பன் மகளுக்குச் செய்தது வேறு, மவுத்துக்குப்பின் அல்லாஹ் விதித்த பாகம் வேறு என்பது எனக்குத் தெரியாததன்று. 'எக்ஸ்கியூஸ்' என்னும் சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பில்கூட நான் சொன்னதில்லை. உம்மாவின் இத்தா முடியட்டும் என்று காத்திருந்து, நான்கு மாதமும் பத்து நாளும் கழிந்தபின் உம்மாவையும் தங்கையையும் வண்டி வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்திற்கு அழைத்துப் போனோம். விடுதலைப் பத்திரம் எழுதியாயிற்று. மனப்பூர்வமாகவும் யாருடைய தூண்டுதலும் இன்றியும் தங்கள் பாத்தியதையை விட்டுக்கொடுப்பதாகப் பத்திர எழுத்தர் வழக்கமான நடையில் எழுதியிருந்தார். அதை உரக்க வாசித்துக் காட்டியவன் நான்தான். உம்மாவும் தங்கையும் ஒரே பேனாவால் கையெழுத்திட்டார்கள். தங்கைக்கு அப்போது இருபது வயது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் அவளுக்கு ஒரு புடவை வாங்கிக் கொடுத்தோம்.

உம்மா 1996இல் மவுத்தானார்கள். தோப்பைக் காக்காவும் நானும் 2004இல் ஆறு இலட்சம் ரூபாய்க்கு விற்று ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டோம். 2009இல் காக்காவும் போய்விட்டார்கள்.

அந்த ஜனாஸாவை மறக்க இயலாது. சந்தூக்கைத் தூக்குமுன் ஊர் வழக்கப்படி அறிவிப்புச் செய்ய வேண்டும். மர்ஹூமின் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தமையால் தம்பியாகிய நானே எழுந்து நின்றேன். மையித்து யாருக்கேனும் கடன் கொடுக்க வேண்டியிருந்தால் பிள்ளைகளிடமோ என்னிடமோ வந்து பெற்றுக்கொள்ளுங்கள். யாருக்கேனும் தவறு இழைத்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். திரைக்கு அப்பால் உள்வீட்டில் பெண்கள் இருந்தார்கள், தங்கையும் இருந்தாள். என் குரல் நன்றாகக் கேட்கும் குரல், வகுப்பறையில் பழகியது.

2012இல் எனக்கு ஹஜ்ஜுக்குப் போகும் பாக்கியம் கிடைத்தது. புறப்படுமுன் உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பொருத்தம் கேட்பது நம் வழக்கம். ஒரு நாளில் இருபது வீடு ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் ஒரே வாக்கியம். எல்லா வீட்டிலும் ஒரே பதில். கடைசியாகத் தங்கை வீடு. அவள் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால் பொருந்திக்கொள்."

சுளகைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "எதைப் பொருந்தணும், சின்னக் காக்கா?"

கோபமில்லை, கிண்டலுமில்லை. கடைக்காரர் எது வேண்டும் என்று கேட்பதைப் போன்ற குரல். நான் சிரித்து, "எல்லாவற்றையும்தான்" என்றேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "போயிட்டு வாங்க. எனக்கும் துஆ கேளுங்க" என்றாள். பொருந்திக்கொண்டேன் என்று சொல்லவில்லை என்பது தெரு முனைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் போய்க் கேட்க மனம் துணியவில்லை.

யாருக்கு, எதை என்று முப்பத்து மூன்று ஆண்டுகள் பிள்ளைகளிடம் கேட்ட வாத்தியார், இரண்டாம் செயப்படுபொருள் இல்லாமல் இருபது வீடுகளில் வாக்கியம் அமைத்துவிட்டு வந்திருக்கிறேன்!

நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'அல் அத்கார்' எங்கள் பக்கத்து மத்ரஸாக்களில் நெடுங்காலமாகப் போற்றப்படும் நூல். புறம் பேசியவன், பேசப்பட்டவரிடம் பொருத்தம் கேட்கும்போது இன்னதைப் பேசினேன் என்று விவரிக்க வேண்டுமா, பொதுவாகக் கேட்டால் போதுமா என்னும் வினாவை இமாம் அவர்கள் அதில் எடுத்துக்கொள்கிறார்கள். மத்ஹபின் அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் இருப்பதைக் கூறி, விவரிக்க வேண்டும் என்பதே வலுவானது என்கிறார்கள். இன்னதென்று தெரியாத பொருளிலிருந்து ஒருவரை விடுவிப்பது செல்லாதது போலவே இதுவும் என்பது அக்கருத்தினரின் வாதம். ஒருவர் ஒன்றை மன்னிக்க மனங்கொள்வார், மற்றொன்றை மன்னிக்க மனங்கொள்ளமாட்டார் என்பதையும் இமாம் அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். தங்கை அந்த நூலைப் பார்த்தவளல்லள்.

அரஃபாத் மைதானத்தில் இலட்சோப இலட்சம் மக்களின் நடுவே கையேந்தி நின்றபோது எனக்கு அந்த முற்றமும் சுளகுமே கண்முன் நின்றன. அடியார்களின் உரிமைகளை உரியவர் விட்டாலன்றி அங்கே கேட்டும் பயனில்லை என்பதைக் கிதாபுகளில் படித்திருக்கிறேன். ஷஹீதுக்குக்கூடக் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்னும் ஹதீஸையும் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் என்று தங்கையிடம் சொன்ன நான், ரப்பிடமாவது பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எண்ணினேன். தென்னை மரங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

ஊர் திரும்பி, ஜம்ஜமும் பேரீத்தம்பழமும் கொடுக்க வருகிறவன் போலத் தங்கை வீட்டுக்குப் போனேன். மடியில் அறுபதாயிரம் ரூபாய் இருந்தது. முற்றத்தில் யாரும் இல்லாத நேரம்.

"எதை என்று கேட்டாய் அல்லவா? சொல்ல வந்திருக்கிறேன். பதினான்கு தென்னை மரங்கள்."

"பதினாறு" என்றாள் தங்கை.

நான் விழித்தேன். அவள் விரலை மடக்கிச் சொன்னாள்: "உம்மாவோட பத்துல, உங்க ரெண்டு பேருக்கும் நாலு நாலு, எனக்கு ரெண்டு. பதினாலும் ரெண்டும் பதினாறு. உம்மாகிட்டயும் அப்படித்தானே வாங்கினீங்க?"

முப்பத்தொரு ஆண்டுகளாக அவள் அந்தத் தோப்பில் மரம் மரமாய் நடந்து பார்த்திருக்கிறாள். உண்மையில் என் அறுபதாயிரமும் அந்தக் கணக்குப்படிதான் இருந்தது. ஆறு இலட்சத்தில் ஐந்தில் ஒன்று, அதில் என் பாதி. தொகையைச் சரியாகப் போட்டவன், வாயால் சொல்லும்போது இரண்டு மரங்களைக் குறைத்துவிட்டேன். ஏன் குறைத்தேன் என்று இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.

"பதினாறு" என்றேன். "அதில் என் கையில் வந்தது எட்டு. நில விலை இப்போது ஏறிவிட்டது என்பது தெரியும். விற்ற விலைக்குத்தான் கொண்டுவந்திருக்கிறேன். மீதி எவ்வளவு என்று நீ சொன்னால் ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் தருகிறேன்."

அவள் பணத்தை வாங்கிக்கொண்டாள். வேண்டாம் காக்கா, இருக்கட்டும் காக்கா என்றெல்லாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிடுவாளோ, அவ்வளவில் தப்பிவிடலாமோ என்று எனக்குள் ஓர் ஆசை ஒளிந்திருந்ததை அந்தக் கணத்தில்தான் கண்டுகொண்டேன். நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி முடித்து, உள்ளே கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து அமர்ந்தாள்.

"தேங்காய்?" என்றாள்.

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. 1981 முதல் 2004 வரை இருபத்து மூன்று ஆண்டுகள், பதினாறு மரங்களின் காய்ப்பு. அதை நான் எண்ணியே பார்க்கவில்லை.

அவள் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. "அது கணக்குல அடங்காது. தேங்காயைப் பொருந்திக்கிட்டேன். நில விலை ஏறினதையும் பொருந்திக்கிட்டேன். மரத்துக்குத்தான் காசு, அது வந்துருச்சு."

யாருக்கு, எதை என்னும் இரண்டும் பிசகாத வாக்கியம்.

எழுந்திருக்குமுன் காக்காவின் எட்டு மரங்களைப் பற்றிக் கேட்டேன். பிள்ளைகளிடம் நானே பேசுவதாகவும், அவர்களால் இயலாவிடில் அதையும் நானே அடைப்பதாகவும் சொன்னேன்.

"பெரிய காக்கா கணக்கு முடிஞ்சுது" என்றாள். "ஜனாஸா அன்னிக்கு நீங்க எந்திரிச்சுச் சொன்னீங்கள்ல, அப்பவே உள்ளே இருந்து கொடுத்துட்டேன். எட்டு மரம்னு வாய் விட்டுச் சொல்லித்தான் கொடுத்தேன்."

"அவர்களுக்கு அன்றே கொடுத்தாய். எனக்கு ஏன் கொடுக்கவில்லை?"

"நீங்கதான் இருக்கீங்களே" என்றாள். பேரீத்தம்பழப் பொட்டலத்தைப் பிரித்து, பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினாள்.